ரெப்ளிகா கிரோனோகிராஃப் வாட்ச்: கேஸ் சரி, உள்ளே வேலைப்பாடு எப்படி?

நொய்யல்கரை:

ரோலக்ஸின் டேடோனா கிரோனோகிராஃப் (ஸ்டாப்வாட்ச்சும் சேர்ந்த வாட்ச், சுருக்கமாக கிரோனோ) மாதிரி செய்து வருகிற ரெப்ளிகாக்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே ஒரு கூட்டம் "அத்தனையும் குப்பை" என்று முடித்துவிடுகிறது, இன்னொரு கூட்டம் "ஒரிஜினலுக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை, பேருக்குத்தான் அவன் காசு வாங்குறான்" என்கிறது. இரண்டுமே பின்மூடியைக் கழற்றாமல் பேசுகிற பேச்சு. நான் கோவை கணபதியில் டூல் ரூமில் வேலை செய்கிறேன், மைக்ரோமீட்டரும் ப்ரொஃபைல் ப்ரொஜெக்டரும் பக்கத்திலேயே இருக்கும். சொந்தக்காரர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த ஒன்றைத் திறந்து, நிதானமாகப் பார்க்கக் கிடைத்தது. அதை வைத்துத்தான் எழுதுகிறேன். வாங்கவோ விற்கவோ யாரும் இங்கே கேட்க வேண்டாம், அதற்கான இழை இது இல்லை.

கேஸ், அதாவது வெளிக்கூட்டிலிருந்து வருகிறேன். பட்டை மாட்டும் காதுகளின் மேல்பக்கம் பிரஷ் ஃபினிஷ், பக்கவாட்டில் பாலிஷ். இந்த இரண்டும் சேரும் விளிம்பில்தான் ஒருத்தனின் கைவேலை தெரியும். மூன்று காதுகளில் விளிம்பு கத்தி மாதிரி நேராக இருந்தது, சத்தியமாக நான் எதிர்பார்க்கவில்லை. நாலாவதில் மட்டும் பஃபிங் வீலில் கொஞ்சம் அதிகம் பிடித்துவிட்டதில் விளிம்பு மழுங்கி இருந்தது. அப்புறம் பட்டையைக் கழற்றிக் காதுகளுக்கு நடுவே பார்த்தால் கட்டர் ஓடிய கோடு அப்படியே நிற்கிறது, பின் துளையின் வாயில் பிசிறு, நகத்தை வைத்தால் மாட்டுகிறது. கண் படுகிற இடத்துக்கெல்லாம் நேரம் கொடுத்திருக்கிறார்கள், படாத இடத்தை மெஷினிலிருந்து இறக்கினபடியே விட்டுவிட்டார்கள். உள்ளேயும் இதே புத்திதான் தொடர்கிறது.

டயலில் குறை சொல்ல எனக்கு அதிகமில்லை. அச்சு சுத்தம், மணிக்குறிகள் நேராக நிற்கின்றன. ஆனால் கிரோனோவை ஓடவிட்டு, நிறுத்தி, ரீசெட் அமுக்கினால் நடு முள் சரியாக 12-இல் வந்து நிற்காமல் முடியளவு தள்ளி நிற்கிறது, அடுத்த தடவை அமுக்கினால் வேறு இடம். இதற்குக் காரணம் என்னவாக இருக்கும், வாட்ச் வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

லேத்துக்காரன்:

சூப்பருங்க அண்ணா. இப்படி யாராவது அளந்து எழுதுவார்களா என்று காத்திருந்தேன். உள்ளே ஓடும் மெஷின், அதாவது மூவ்மென்ட் எது? பல கம்பெனிகள் வாங்கிப் போடும் சுவிஸ் 7750 வகையா, இல்லை டேடோனாவுக்கென்று ரோலக்ஸே செய்த 4130-ஐ அப்படியே காப்பி அடித்ததா?

நொய்யல்கரை:

7750 வகை தம்பி. தானாகச் சாவி ஏற்றும் எடைத்தட்டை, அதாவது ரோட்டரை ஒரு பக்கம் சுற்றினால் மட்டும் சாவி ஏறுகிறது, மறுபக்கம் சும்மா விர்ரென்று சுழல்கிறது, கையில் கட்டினால் அந்த ஆட்டம் மணிக்கட்டில் தெரிகிறது. ஒரிஜினல் 4130 இரண்டு பக்கமும் ஏற்றும், அதனால் இந்த ஆட்டம் வராது. கேஸ் தடிமனும் அதனால்தான் கூடுதல். 7750 உயரம் 7.9 மி.மீ, 4130 சுமார் 6.5 மி.மீ. அந்த ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டரை எங்கே ஒளிக்க முடியும்? பின்மூடியைப் பிதுக்கித்தான் ஆக வேண்டும்.

பவானி வாட்ச்:

வணக்கமுங்க. ஈரோட்டில் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன், அப்பா காலத்திலிருந்து இதே தொழில். எச்.எம்.டி.யில் கை பழகி, இப்போது எல்லாம் வருகிறது, ரெப்ளிகாவும் வருகிறது.

முதலில் ரீசெட் விஷயம். கிரோனோ முள்ளின் தண்டில் இதய வடிவத்தில் ஒரு கேம், அதாவது வளைந்த விளிம்புள்ள சிறு தகடு இருக்கும். ரீசெட் அமுக்கும்போது ஒரு சுத்தியல் அந்தக் கேமில் வந்து அடிக்கும், கேம் எந்த நிலையில் இருந்தாலும் வழுக்கித் தன் பள்ளத்துக்கு வந்தே தீரும். 19-ஆம் நூற்றாண்டில் வந்த யோசனை, இன்றைக்கும் இதைவிட நல்லதாக ஒன்று வரவில்லை. ஆக கேம் சரியாக வந்து நின்றும் முள் தள்ளி நிற்கிறதென்றால் முள்ளின் குழாய் தண்டில் இறுக்கமாக உட்காரவில்லை. ஒவ்வொரு ரீசெட்டிலும் முள் சுண்டப்படுகிறது, ஒவ்வொரு தடவையும் துளி துளியாக நழுவுகிறது. முள்ளின் துளையை இரண்டு மூன்று மைக்ரான் கூடுதலாகப் போட்டிருப்பார்கள். அல்லது சுத்தியலின் முகம் பாலிஷ் இல்லாமல் இருக்கும், கேமில் வழுக்க வேண்டியது உரசி நின்றுவிடும். லென்ஸில் பாருங்கள், சுத்தியல் முகத்தில் குறுக்குக் கோடு தெரிந்தால் இரண்டாவது காரணம்.

இனி 7750. அது மோசமான மூவ்மென்ட் என்று யாரும் நினைக்க வேண்டாம். 1970-களின் தொடக்கத்தில் எட்மண்ட் காப்ட் வடிவமைத்தது, கிரோனோவை ஓட்டி நிறுத்தும் காலம் வீலுக்கு (தூண் வைத்த சக்கரம்) பதிலாக அச்சு அடித்து வெட்டிய கேம் வைத்து, செலவைக் குறைத்து, பாறை மாதிரி உழைக்கும்படி செய்தார்கள். சுவிஸ் கம்பெனிகள் பல இதை வைத்தே கிரோனோ விற்ற காலம் உண்டு. சீனக் காப்பியும் அதன் இயல்பான அமைப்பில் இருந்தால், அதாவது நிமிடம் 12-இல், மணி 6-இல், நொடி 9-இல், பெரிய தொந்தரவு தராது. சுத்தம் செய்து எண்ணெய் போட்டால் ஓடும்.

வம்பு எங்கே வருகிறதென்றால், டேடோனாவில் ஓடும் நொடி முள் 6-இல் இருக்கிறது. 7750-இல் அது 9-இல். இடம் மாற்ற டயலுக்கு அடியில் கூடுதலாகப் பல்சக்கரங்களைச் சொருகுகிறார்கள். ஒரு கிணற்றுக்கென்று கணக்குப் போட்டு வாங்கின மோட்டாரில் இன்னும் இரண்டு பெல்ட்டை மாட்டி அடுத்த தோட்டத்துக்கும் தண்ணீர் இறைக்கிற கதை. அந்தச் சக்கரங்களுக்கு அச்சைத் தாங்கும் ரூபிக் கல் கிடையாது, பித்தளைத் துளையில் எஃகு அச்சு நேராகச் சுற்றும். இருபத்து நாலு மணி நேரமும் ஓடுகிற நொடி முள் வேறு. எண்ணெய் காய்ந்ததும் துளை அரைபடத் தொடங்கும். டயலைத் தூக்கினால் அந்த இடத்தைச் சுற்றி மஞ்சளாகப் பொடி படிந்திருக்கும், விரலில் தொட்டால் மினுமினுக்கும். அது மகரந்தம் மாதிரி அழகாகத் தெரிந்தாலும் மெயின் பிளேட்டின் சதை. அந்தப் பொடி கீழே இறங்கி நல்ல சக்கரங்களையும் கெடுக்கும்.

பனியன் நகரம்:

வாட்ச் கடை அண்ணன் சொல்வது பழைய ஸ்டாக்குக்குப் பொருந்தும். இப்போது வருவது 4130-இன் நேர் காப்பி, செங்குத்துக் கிளட்ச், காலம் வீல், தடிமன் எல்லாம் அப்படியே. எங்கள் திருப்பூரில் நடக்கிறதைப் பாருங்கள். பெரிய பெரிய வெளிநாட்டு பிராண்டுக்கு இங்கேதான் தைக்கிறோம், அதே லைன், அதே நூல், அதே டெய்லர். லேபிள் இல்லாமல் காதர்பேட்டையில் கால் விலைக்குக் கிடைக்கும். வாட்சும் அப்படித்தான், சீனாவில் அதே மெஷினில் வெட்டுகிறார்கள், பெயருக்குத்தான் அத்தனை லட்சம்.

நொய்யல்கரை:

இல்லீங்க, இந்த ஒப்பீடு இங்கே நிற்காது. காதர்பேட்டையில் வருவது அதே லைனில் தைத்த மிச்சம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ரோலக்ஸுக்குச் சீனாவில் லைனே கிடையாது. மூவ்மென்ட் பீல் ஊரில், கேஸ் ஜெனீவா பக்கம் ப்ளான்-லெ-வாட்டில், டயல் ஷேன்-பூரில், எல்லாம் அவர்கள் சொந்தக் கட்டடத்துக்குள். ரெப்ளிகா என்பது முடிந்த வாட்சை வாங்கிக் கழற்றி, ஒவ்வொரு பாகத்தையும் அளந்து, வரைபடம் போட்டு வெட்டினது. நம் பட்டறைகளிலும் பழைய இறக்குமதி மெஷினின் கியர் உடைந்தால் அப்படித்தான் செய்து கொடுக்கிறோம், அதனால் அந்த வேலையின் எல்லை எனக்கு நன்றாகவே தெரியும். உடைந்த கியரை அளந்தால் அளவு கிடைக்கும். அது எந்த ஸ்டீல், எவ்வளவு டிகிரியில் பதம் போட்டான், எண்ணெயில் இறக்கினானா உப்புக் குளியலிலா, டாலரன்ஸ், அதாவது அளவில் அனுமதிக்கிற வித்தியாசம், மேலே எவ்வளவு விட்டான் கீழே எவ்வளவு விட்டான், இதெல்லாம் அளவுகோலில் வராது. ஒரு சாம்பிளை அளந்தால் அந்த ஒரு சாம்பிளின் அளவுதான் தெரியும், அது டாலரன்ஸின் மேல்விளிம்பில் இருந்ததா கீழ்விளிம்பில் இருந்ததா என்று தெரியாது. அதை நடு அளவாக வைத்து ஆயிரக்கணக்கில் வெட்டினால் சிலது அருமையாக ஓடும், சிலது நின்று போகும். "எனக்கு வந்தது சூப்பர்", "எனக்கு வந்தது மாசத்தில் போச்சு" என்று ஒரே மாடலுக்கு இரண்டு விதமாக எழுதுகிறார்களே, ஏன் என்று நினைக்கிறீர்கள்?

லேத்துக்காரன்:

இதை அப்படியே ஏற்கிறேன். வெட்டுவது இன்றைக்கு யாராலும் முடியும். நல்ல அஞ்சு ஆக்ஸிஸ் மெஷின், நல்ல ஒயர் கட், இரண்டும் காசு கொடுத்தால் வரும், சீனாவுக்கும் வரும், சிட்கோவுக்கும் வரும். வெட்டின பிறகு செய்கிற வேலைதான் காசு.

இன்னொரு சந்தேகம். 904எல் ஸ்டீல் என்று போட்டு விற்கிறார்களே, அது உண்மையாக இருக்குமா?

கொங்குக்காரி:

இதற்கு நான் பதில் சொல்கிறேன், உலோகவியல் படித்து ஃபவுண்டரி லேபில் இருக்கிறேன்.

904எல்லில் நிக்கல் 23 முதல் 28 சதவீதம், மாலிப்டினம் 4-5, கூடவே 1-2 சதவீதம் செம்பு. சாதாரண 316எல்லில் நிக்கல் 10-14, மாலிப்டினம் 2-3. இவ்வளவு பெரிய இடைவெளி இருப்பதால் கண்டுபிடிப்பது சுலபம். எக்ஸ்ரே துப்பாக்கி வைத்துப் பார்த்தால் சில நொடியில் தெரியும், வாட்சுக்குக் கீறலும் வராது. தீப்பொறி அடித்துச் சோதிக்கும் ஸ்பார்க் ஸ்பெக்ட்ரோவில் வைக்காதீர்கள், கருப்பாகச் சுட்ட வடு விழுந்துவிடும். சிலவற்றில் 904எல் நிஜமாகவே இருக்கிறது, அந்த ஸ்டீல் ஒன்றும் ரகசியப் பொருள் இல்லை, ரசாயன ஆலைக் குழாய்களுக்கு உலகம் முழுக்க ஓடுகிறது. ரோலக்ஸ் 1985-இல் வாட்சுக்குக் கொண்டுவந்தது, அவ்வளவுதான். வெட்டும்போது மேல்பரப்பு இறுகிக்கொண்டே போகும், டூல் சீக்கிரம் தேயும், அதனால் செலவு அதிகம்.

ஆனால் எல்லாரும் தப்பாக நினைப்பது, 904எல் என்றால் கீறல் விழாது என்று. கடினத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். அதன் பலன் அரிப்பைத் தாங்குவதில், முக்கியமாக உப்பு வியர்வை தங்குகிற இடங்களில், பின்மூடியின் மரையில், கேஸ்கெட் உட்காரும் பள்ளத்தில். அதாவது பல வருடம் கழித்துத் தெரியும் பலன். வாட்சே அத்தனை வருடம் ஓடாது என்றால் அந்த ஸ்டீலைப் போட்டு யாருக்கு லாபம்?

கண்ணாடியைச் சுற்றி எண் போட்ட வளையம், அந்தப் பெசலைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜிர்கோனியா செராமிக்கைச் சூளையில் சுடும்போது ஒவ்வொரு பக்கமும் சுமார் 20 சதவீதம் சுருங்கும். சுருங்கின பிறகு எண்கள் சரியான இடத்தில், சரியான ஆழத்தில் நிற்க வேண்டும். ஒரிஜினலில் பள்ளமாக எண் வெட்டி, முழு வளையத்துக்கும் பிளாட்டினம் படலம் ஏற்றி, மேலே பாலிஷ் போட்டுப் பள்ளத்தில் மட்டும் விடுகிறார்கள். ரெப்ளிகா பலவற்றில் பள்ளத்தில் பெயிண்ட். சாய்த்துப் பிடித்து வெயிலில் பார்த்தால் உலோகம் போல மின்னாமல் வெள்ளையாக மந்தமாக இருக்கும். என் மாமா பையன் வாட்சில் 400 என்ற எண்ணின் ஓரத்தில் உரிந்தே இருந்தது. அந்த வாட்சைக் கட்டிக்கொண்டுதான் கொடிவேரியில் குளித்தான், மத்தியானத்துக்குள் கண்ணாடிக்குள் ஆவி படிந்துவிட்டது.

பவானி வாட்ச்:

ஆவி தெரிந்த அன்றைக்கே கொண்டு வந்தால் காப்பாற்றலாம் அம்மிணி. ஒரு வாரம் விட்டால் ஹேர்ஸ்பிரிங் என்ற மெல்லிய சுருள் கம்பியில் செம்புள்ளி விழுந்துவிடும், அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது.

டேடோனாவில் இரண்டு பட்டனும் மரை போட்டு மூடும், சாவி கொடுக்கும் குமிழும் அப்படித்தான், 100 மீட்டர் அழுத்தம் தாங்கும். ரெப்ளிகாவிலும் மரை இருக்கும், மூடினால் இறுகும், பார்க்க ஒன்றே. உள்ளே ஓ-ரிங் உட்காரும் குழாயைப் பாருங்கள். கோயமுத்தூரில் பம்ப் வேலை செய்த யாருக்கும் இது புரியும், ரிங் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பள்ளத்தில் டூல் மார்க் இருந்தால் அந்தக் கோடு வழியாகத் தண்ணீர் ஏறும். நான் செய்வது, சிலிக்கான் கிரீஸ் தடவி, கேஸ்கெட் மாற்றி, காற்றழுத்த டெஸ்டரில் வைத்துப் பார்ப்பேன். தேறினாலும் மழைத் தூறலுக்கு மேல் நம்ப வேண்டாம் என்றுதான் சொல்லி அனுப்புவேன்.

பனியன் நகரம் தம்பி சொன்ன நேர் காப்பிக்கு வருகிறேன். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. 4130 என்பது ரோலக்ஸ் 2000-இல் கொண்டுவந்த சொந்த மூவ்மென்ட். அதற்கு முன்னால் 1988 முதல் ஜெனித் கம்பெனியின் எல் பிரிமெரோ மூவ்மென்டை வாங்கி, மணிக்கு 36,000 அடிப்பதை 28,800 ஆகக் குறைத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். 4130-இல் செங்குத்துக் கிளட்ச். இரண்டு தட்டுகள் முகத்தோடு முகம் ஒட்டிச் சுற்றும், அதனால் கிரோனோ கிளம்பும்போது முள் துள்ளாது. இந்த யோசனை 1969-இலேயே செய்கோ 6139-இல் வந்துவிட்டது, அதையும் சொல்லத்தான் வேண்டும். காப்பியிலும் இந்தக் கிளட்ச் நிஜமாகவே இருக்கிறது, நான் கழற்றிப் பார்த்திருக்கிறேன், வடிவத்தில் தப்பில்லை. 7750-ஐ வளைத்து ஒடித்ததைவிட எவ்வளவோ மேல்.

குறை எங்கே? திருகு ஒன்றை எடுத்து லென்ஸில் பார்க்கிறேன். தலை பளபளவென்று இருக்கிறது. பிளவுக்குள் பார்த்தால் ஓரம் கிழிந்து பிசிறு நிற்கிறது. ஸ்க்ரூடிரைவர் பட்டதும் அந்தப் பிசிறு உடைந்து உள்ளே விழும், எந்தப் பல்லில் போய் மாட்டும் என்று சொல்ல முடியாது. பேலன்ஸ், அதாவது முன்னும் பின்னும் ஆடி நேரம் பிரிக்கும் சக்கரம், அதன் அச்சின் முனை சுமார் 0.1 மி.மீ.தான் இருக்கும், அதை வெட்டினால் மட்டும் போதாது, உருட்டித் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்க வேண்டும், அப்போதுதான் மேல்பரப்பு இறுகும், உராய்வு குறையும். அந்த வேலையில் கை குறைந்திருக்கும். எண்ணெய் சில இடத்தில் வெள்ளம், சில இடத்தில் வறட்சி. பாலட் கல்லுக்கு ஒரு கிரீஸ், வேகச் சக்கரத்துக்கு மெல்லிய எண்ணெய், மெதுவாகச் சுற்றுவதற்குக் கெட்டி எண்ணெய் என்று மூன்று நாலு வகை வேண்டும். ஒரே எண்ணெயை எல்லா இடத்திலும் விட்டிருப்பதைப் பார்க்கிறேன்.

வாட்சின் டிக் சத்தத்தைக் கேட்டு ஓட்டத்தை அளக்கும் டைம்கிராஃபரில் வைக்கிறவர்களுக்கு ஒரு விஷயம், லிஃப்ட் ஆங்கிள் என்ற செட்டிங்கை 7750-க்கு 49, 4130-க்கு 52 என்று மாற்றி வையுங்கள், இல்லாவிட்டால் ஆம்ப்ளிட்யூட், அதாவது பேலன்ஸ் ஆடும் கோணம், பொய் சொல்லும். முழு சாவியில் டயல் மேலே பார்க்க 270 டிகிரிக்கு மேல் இருந்தால் நல்லது. ரெப்ளிகாவில் படுக்கையில் நன்றாகக் காட்டும், நிறுத்தி வைத்தால் சடாரென்று இறங்கும். சுவிஸ் கிரோனோமீட்டர் சான்றுக்கு 15 நாள், ஐந்து நிலை, மூன்று வெப்பநிலையில் வைத்துப் பார்த்து, நாளுக்கு மைனஸ் 4 முதல் ப்ளஸ் 6 நொடிக்குள் இருந்தால்தான் விடுவார்கள். ரோலக்ஸ் அதற்கு மேலே தானாக ப்ளஸ் மைனஸ் 2 வைத்துக்கொள்கிறது. ரெப்ளிகாவை விற்கிறவன் வீடியோவில் ஒரு நிலையில் மட்டும் காட்டுவான்.

பனியன் நகரம்:

சரிங்கண்ணா, எண்ணெய் போட்டு, பிசிறு எடுத்து, முழு சர்வீஸ் செய்தால் ஒரிஜினல் மாதிரி ஆகிவிடுமா?

பவானி வாட்ச்:

நன்றாக ஓடும். எத்தனை நாள் என்று என்னால் கை எழுத்துப் போட்டுத் தர முடியாது. ஒரு பாகம் போனால் ஸ்பேர் தனியாகக் கிடைக்காது, இன்னொரு முழு மூவ்மென்ட் வாங்கித்தான் கழற்ற வேண்டும், அடுத்த தொகுப்பில் அதன் அளவே மாறியிருக்கும். சர்வீஸுக்கு வாட்ச் விலையில் பெரும்பங்கு கேட்க வேண்டி வரும், கேட்டால் சண்டைக்கு வருகிறார்கள். பல கடைக்காரர்கள் இதைத் தொடுவதே இல்லை.

கொங்குக்காரி:

சட்டத்தையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். 1999 வணிகக் குறிகள் சட்டம் 103, 104 பிரிவுகளில் பொய்க் குறி போடுவதற்கும் அந்தச் சரக்கை விற்பதற்கும் ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். "ஃப்ரெண்டுக்கு ஒன்று எடுத்துக் கொடுத்தேன்" என்று குரூப்பில் விற்கிறவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

லேத்துக்காரன்:

அப்போ சுவிஸ் கம்பெனி செல்லிட்டாவின் எஸ்டபிள்யூ500 மூவ்மென்ட்? அதுவும் 7750-இன் காப்பிதானே?

நொய்யல்கரை:

காப்பிதான், ஆனால் காப்புரிமைக் காலம் முடிந்த வடிவமைப்பை எடுத்து, தன் சொந்தப் பெயரில் செய்து, ஸ்பேரும் கொடுக்கிறார்கள். அதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை, தொழில் அப்படித்தான் வளரும். நம் ஊர் மோட்டாரும் பம்பும் வெளிநாட்டு மெஷினைக் கழற்றிப் பார்த்துக் கற்றதில் வந்தவைதான். கற்றவர்கள் தங்கள் பெயரைத்தான் வார்த்தார்கள். பெயர்த்தகட்டில் நம் பெயர் இருந்தால் கெட்டுப்போனதும் வாங்கினவன் நம் வாசலில் வந்து நிற்பான். அந்தப் பயத்தில்தான் தரம் ஏறுகிறது. ரெப்ளிகா செய்கிறவனுக்கு அந்தப் பயமே இல்லை. அவ்வளவு நல்லா வெட்டத் தெரிந்தவன் பிசிறு எடுக்காமல் விடுகிறான் என்றால் எனக்கு வயிறு எரிகிறது, கை தெரிந்த வேலைக்காரன் அங்கே இருக்கிறான், கேட்கிற ஆள்தான் இல்லை.

அதே சீனாவில் எஸ்டி19 என்று ஒரு மூவ்மென்ட் இருக்கிறது. வீனஸ் 175 என்ற பழைய மூவ்மென்டைச் செய்யும் மெஷின்களை சுவிட்சர்லாந்திலிருந்து வாங்கி, 1961-இல் விமானப்படைக்காகத் தியென்ஜினில் தொடங்கிய 304 திட்டத்தின் வழி வந்தது. சாவி கொடுக்கிற கிரோனோ, காலம் வீல், மணிக்கு 21,600 அடி. பின்பக்கம் கண்ணாடி வழியாகப் பார்த்தால் ஒவ்வொரு நெம்புகோலும் அசைவது தெரியும். ரெப்ளிகாவுக்குச் செலவழிக்கிற காசில் பாதிக்கும் கீழே முடியும்.

லேத்துக்காரன்:

தானாகச் சாவி ஏறாது, தேதி கிடையாது, தினமும் கையால் கொடுக்க வேண்டும். பட்டறையில் கட்ட முடியுமா?

பவானி வாட்ச்:

பட்டறைக்கு வேண்டாம் தம்பி, லேத் அதிர்வுக்கும் கிரைண்டிங் தூளுக்கும் எந்த மெக்கானிக்கல் கிரோனோவும் ஆகாது. அங்கே செய்கோ விகே வகை மெக்கா குவார்ட்ஸ் கட்டுங்கள். நேரம் பேட்டரியில் ஓடும், ரீசெட் மட்டும் சுத்தியலும் இதயக் கேமும், அமுக்கினால் முள் படக்கென்று 12-க்கு வரும்.

எஸ்டி19 வாங்கினால் காலையில் ஒரே நேரத்தில் சாவி கொடுங்கள், தடை வந்ததும் நிறுத்திவிடுங்கள், அதற்கு மேல் அரை சுற்றுகூட அழுத்த வேண்டாம். கிரோனோ ஓடிக்கொண்டிருக்கும்போது ரீசெட் அமுக்காதீர்கள், நிறுத்திவிட்டு அமுக்குங்கள். வாங்கின கையோடு ஒரு தடவை திறந்து எண்ணெய் பார்த்துவிடுவது நல்லது. நொய்யல்கரை அண்ணா, அந்த ரெப்ளிகாவின் சுத்தியல் முகத்தை லென்ஸில் பார்த்தீர்களா?

நொய்யல்கரை:

இன்றைக்குச் சாயங்காலம் பார்த்தேன். குறுக்குக் கோடு இருக்கிறது, முள்ளும் லூஸ்தான், இரண்டு காரணமும் சேர்ந்தே. முள்ளின் குழாயைச் சுருக்கி மாட்டச் சொல்லலாம். டயலுக்கு அடியில் ஆறு மணிப் பக்கம் நீங்கள் சொன்ன மஞ்சள் பொடியும் இருக்கிறது. உரிமையாளரிடம் சொல்லிவிட்டேன், நொடி முள் சக்கரங்களைக் கழற்றி எடுத்துவிடலாம், 6-இல் முள் ஓடாது, மற்றது பிழைக்கும் என்று. யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.

பவானி வாட்ச்:

நல்ல யோசனைங்க. சக்கரத்தை எடுத்த பிறகு மெயின் பிளேட்டை அல்ட்ராசோனிக் கிளீனரில் போடாமல் எண்ணெய் விடாதீர்கள், பொடி கல்லுக்குள் போய் அரைக்கும்.